வடக்கு மேலே இல்லை: தொடக்கப் பள்ளியில் புவியியல் தடுமாறும் இடங்கள்

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடும். "சரி, வடக்கு எங்கே இருக்கிறது, கையைக் காட்டு" என்றால் பல பிள்ளைகளின் விரல் மின்விசிறியை நோக்கிப் போகும். தெற்கு எங்கே என்றால் தரையைக் காட்டும். மதிப்பெண் நன்றாகத்தானே வருகிறது, பிறகு ஏன் இப்படி என்று பெற்றோர் குழம்புகிறார்கள்.

பிள்ளை கவனிக்கவில்லை என்று இதைத் தள்ளிவிட முடியாது. அது பார்த்த வரைபடம் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. அதில் காஷ்மீர் மேலே, கன்னியாகுமரி கீழே. வடக்கு என்று ஆசிரியர் குச்சியால் தொட்ட இடத்துக்கு நேர் மேலே இருப்பது கூரைதான். கண்ணால் கண்டதைத்தான் பிள்ளை காட்டுகிறது. தரையில் விரிந்து கிடக்கும் உலகத்தைப் பற்றிய பாடத்தைச் சுவரிலிருந்து தொடங்கியதில்தான் சிக்கல்.

இந்தச் சிக்கல் எப்படி உருவாகிறது, பிள்ளைகள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள், எதை எதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்தால் தடுமாற்றம் குறையும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## பெயர்ப் பட்டியல் மட்டும் ஏன் போதாது

புவியியல் கேட்கும் கேள்விகள் மூன்று.

1. ஒன்று எங்கே இருக்கிறது?
2. அது ஏன் அங்கே இருக்கிறது, வேறிடத்தில் ஏன் இல்லை?
3. அது அங்கே இருப்பதால் அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது?

ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்வோம். கண்மாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முதல் கேள்வி. மழைநீர் இயல்பாக ஓடி வந்து சேரும் சரிவில், கரை போட்டால் தண்ணீர் நிற்கும் இடத்தில் அதை வெட்டியிருக்கிறார்கள் என்பது இரண்டாவதற்கு விடை. கரைக்கு மறுபுறம், மடைக்குக் கீழே வயல்கள் இருப்பதும், வீடுகள் மேட்டில் இருப்பதும் மூன்றாவதற்கு விடை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த மூன்றும் புரியும், ஏனென்றால் கண்மாய் அது குளித்த இடம்.

மாவட்டப் பெயர்களும் தலைநகரங்களும் முதல் கேள்வியின் பாதியைத்தான் தொடுகின்றன. "எங்கே" என்பதற்குப் பதிலாக "என்ன பெயர்" என்பதைச் சொல்கின்றன. அதிலும் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். 2019-க்கு முன் படித்த பிள்ளை 32 மாவட்டங்களை ஒப்பித்தது, இன்று 38. 2014-ல் தெலங்கானா பிரிந்தது. 2019-ல் ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பகுதிகளாயிற்று. 2020 ஜனவரியில் தமன்-தியூவும் தாத்ரா-நகர் ஹவேலியும் ஒன்றாகச் சேர்ந்தன. பட்டியலை மட்டும் நம்பிப் படித்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பாதி அறிவு செல்லாக்காசாகிவிடுகிறது. சரிவு எந்தப் பக்கம், காற்று எங்கிருந்து வருகிறது, ஆறு ஏன் அப்படி வளைகிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த அரசாணையும் அந்த அறிவைப் பழசாக்காது.

பெயர்களே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பெயர் என்பது ஆணி. ஆணி இல்லாமல் எதையும் மாட்ட முடியாது. ஆனால் முதலில் சுவர் வேண்டும்.

## "மேலே" என்ற சொல் தரும் தொல்லை

இந்தப் பாடம் தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாகக் குழம்ப ஒரு காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது.

மேற்கு என்ற சொல் "மேல்" என்பதிலிருந்தும், கிழக்கு என்பது "கீழ்" என்பதிலிருந்தும் வந்தவை. தமிழ் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து கிழக்கே கடலை நோக்கித் தாழ்கிறது. காவிரி, வைகை, பாலாறு, தாமிரபரணி எல்லாம் அந்தச் சரிவில்தான் இறங்குகின்றன. தண்ணீர் வரும் பக்கம் மேல், போகும் பக்கம் கீழ். நிலத்தின் அமைப்பே திசைக்குப் பெயராகியிருக்கிறது. மலையாளத்தை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கேரளத்தில் கிழக்கே மலை, மேற்கே கடல். ஆனாலும் மலை இருக்கும் பக்கத்தை அவர்கள் இன்றும் "கிழக்கு" என்றே சொல்கிறார்கள். மேற்குக்கு மட்டும் "படிஞ்ஞாறு", அதாவது ஞாயிறு படியும் திசை, என்ற சொல் இருக்கிறது. தாழ்ந்த பக்கம் என்று பொருள்படும் ஒரு சொல் உயர்ந்த பக்கத்துக்கு வழங்குவதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மொழியறிஞர் கால்டுவெல் கவனித்து எழுதினார். புவியியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

இப்போது வகுப்பறைக்கு வருவோம். மதுரைப் பிள்ளை ஒன்றுக்கு மேல மாசி வீதி, கீழ மாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி எல்லாம் காலால் தெரியும். "மேல" என்றால் மேற்கு. பள்ளியில் வரைபடத்தைக் காட்டி "மேலே இருப்பது வடக்கு" என்கிறார்கள். பார்த்தால் மேல மாசி வீதி இடப்பக்கத்தில் இருக்கிறது, வடக்கு மாசி வீதி மேலே இருக்கிறது. மேலே என்பதற்கு இப்போது மூன்று பொருள்: வானத்தின் பக்கம், மேற்குப் பக்கம், தாளின் தலைப்பக்கம். பெரியவர்கள் இதை யோசிக்காமலே பிரித்துக்கொள்வோம். பிள்ளைக்கு யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும்.

தீர்வு எளிது. வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது "மேலே, கீழே" என்ற சொற்களைத் தொடக்க வகுப்புகளில் தவிர்த்துவிடலாம். "தாளின் தலைப்பக்கம்", "தாளின் அடிப்பக்கம்" என்று சொல்லலாம். திசைகளைச் சொல்லிக்கொடுக்க மேலத்தெருவையும் கீழத்தெருவையும் பயன்படுத்தலாம். ஏறக்குறைய எல்லா ஊரிலும் அவை உண்டு.

## வரைபடத்தின் நான்கு உடன்பாடுகள்

வரைபடம் ஒரு மொழி மாதிரி. எழுதுபவரும் படிப்பவரும் நான்கு விஷயங்களில் உடன்பட்டால்தான் அது புரியும். பிள்ளைக்கு இந்த நான்கும் தனித்தனியாகப் புதியவை. ஒரே நாளில் நான்கையும் கொட்டினால் ஒன்றும் நிற்காது.

1. மேலிருந்து பார்ப்பது. பிள்ளை வீட்டை வரைந்தால் முன்பக்கக் கதவும் ஜன்னலும் வரும். வரைபடத்தில் வருவதோ கூரை. நிற்கும் இடத்திலிருந்து தெரியாத ஒரு காட்சியைக் கற்பனை செய்ய வேண்டும். மூன்று மலைகளின் மாதிரியை மேசையில் வைத்து, "எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பொம்மைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பார்த்தவர் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே. சிறு பிள்ளைகள் தமக்குத் தெரிவதையே பொம்மைக்கும் தெரிவதாகச் சொன்னார்கள். இதை வைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு வரைபடமே வராது என்று சிலர் முடிவு கட்டினார்கள். அது அவசர முடிவு. 1970 வாக்கில் ஜேம்ஸ் பிளாட் என்ற புவியியலாளரும் அவருடன் இருந்தவர்களும் வானிலிருந்து எடுத்த படங்களைப் பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். வீடு எது, சாலை எது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். மணலில் வீடு கட்டி, கோடு கிழித்து ரோடு போட்டு விளையாடும் பிள்ளை ஏற்கெனவே மேலிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த விளையாட்டைத் தாளுக்கு இழுத்துவர வேண்டும், அவ்வளவுதான். மேசைமேல் தீப்பெட்டிகளை அடுக்கி, பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்து, ஒவ்வொரு பெட்டியையும் சுற்றிக் கோடு வரைந்து, பிறகு பெட்டியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வரைபடம்.

2. சுருக்குவது. இதைப் பாடநூல் மொழியில் அளவை என்கிறோம். ஸ்கேல் என்றால் பிள்ளைக்குப் பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் கோல்தான் ஞாபகம் வரும். ஆகவே சொல்லைப் பிறகு சொல்லலாம், காரியத்தை முதலில் செய்யலாம். வகுப்பறையை அடி வைத்து அளந்து, ஓர் அடிக்குக் கட்டம்போட்ட நோட்டில் ஒரு கட்டம் என்று வரைந்தால் அளவை வந்துவிட்டது. பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802-ல் வில்லியம் லாம்ப்டன் சங்கிலி பிடித்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நேர்கோடு ஒன்றை அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய வேலை அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கியது. சென்னைப் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

3. குறியீடு. நீலக் கோடு ஆறு, தண்டவாளத்துக்கு ஒரு கோடு, கோயிலுக்கு ஒரு வடிவம். சில பிள்ளைகள் வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் சாலை நிஜத்திலும் சிவப்பு என்று நம்புவார்கள். பிள்ளைகளையே குறியீடு கண்டுபிடிக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் ஒரே வாரத்தில் போய்விடும்.

4. திசை. தாளின் தலைப்பக்கம் வடக்கு என்பது வழக்கம்தான். இயற்கை விதி இல்லை. 1154-ல் சிசிலி அரசவையில் அல்-இத்ரீசி உருவாக்கிய உலக வரைபடத்தில் தெற்கு தலைப்பக்கம் இருந்தது. இடைக்கால ஐரோப்பிய வரைபடங்கள் பலவற்றில் கிழக்கு தலைப்பக்கம் இருந்தது.

அளவையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது சமீபத்தில் பெரியவர்களையே குழப்பியது. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பல ஆண்டுகளாகப் படித்துவந்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 11,098.81 கிலோமீட்டர் ஆயிற்று. தமிழ்நாட்டின் பங்கு 906.9-லிருந்து 1,068.69 ஆனது. கடல் நகர்ந்துவிட்டதா, நிலம் வளர்ந்துவிட்டதா என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. பழைய அளவு 1970-களைச் சேர்ந்தது. புதியது 1 சென்டிமீட்டர் 2.5 கிலோமீட்டரைக் குறிக்கும் விரிவான வரைபடங்களை வைத்து அளந்தது. முன்பு நேர்கோடாகத் தெரிந்த இடத்தில் இப்போது சிறு வளைவும் கழிமுகமும் ஓடையும் தெரிகின்றன; வளைவெல்லாம் சேர்ந்தால் நீளம் கூடும்.

இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஆமணக்கு இலை ஒன்றைத் தாளில் வைத்துச் சுற்றி வரையச் சொல்ல வேண்டும். அதன் விளிம்பை முதலில் முழுத் தீக்குச்சியால் அடி அடியாக அளக்க வேண்டும். அப்புறம் நூலை விளிம்போடு ஒட்டி வைத்து அளக்க வேண்டும். நூலின் நீளம் கூடுதலாக வரும். இலை வளரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கடற்கரைச் செய்தியின் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது.

## திசையை நிழலிடம் கேட்பது

"சூரியன் கிழக்கே உதிக்கிறது" என்று திசைப் பாடம் தொடங்குகிறது. தொடக்கத்துக்குப் போதும். ஆனால் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி மட்டுமே. ஜூன் 21 வாக்கில் தமிழ்நாட்டில் அது நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும்; டிசம்பர் 22 வாக்கில் அதே அளவு தெற்கே தள்ளி. கையை நேராக நீட்டி விரலை விரித்தால், ஒரு சாண் அகலம் வானத்தில் 20 டிகிரிக்குச் சற்றுக் கூடுதலாக மறைக்கும். அதாவது வடக்கே ஒரு சாண், தெற்கே ஒரு சாண். உத்தராயணம், தட்சிணாயணம் என்று பாட்டிமார் சொல்வது இந்த நகர்வைத்தான். பள்ளிச் சுவரிலோ மரத்திலோ அடையாளம் வைத்து மாதம் ஒரு தடவை பார்த்தால் ஓராண்டில் பிள்ளைக்கு அது கண்கூடாகிவிடும்.

அடுத்தது நடுப்பகல் நிழல். "நடுப்பகலில் நிழல் வடக்கே விழும்" என்ற வாக்கியம் கடகரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கு ஆண்டு முழுதும் சரி. தமிழ்நாட்டுக்குச் சரிவராது. சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்று நடுப்பகலில் நட்ட குச்சிக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. இதை நிழலில்லா நாள் என்கிறார்கள். மறுபடி ஆகஸ்ட் 18 வாக்கில் அதேபோல். இடைப்பட்ட காலம் முழுவதும் நடுப்பகல் நிழல் தெற்கேதான் விழும். கன்னியாகுமரிக்கு இந்த நாட்கள் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில் வரும். பள்ளி திறப்பதோ ஜூனில். புத்தக வாக்கியத்தை நம்பி ஜூலையில் குச்சி நட்டால் வடக்கும் தெற்கும் தலைகீழாகிவிடும்.

எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது. கோயில் கட்டும் ஸ்தபதிகள் சங்கு, அதாவது நிழல் பார்க்கும் குச்சி, நட்டுத் திசை பார்த்த பழைய முறை அது.

1. சமமான தரையில் நேரான குச்சி ஒன்றைச் செங்குத்தாக நட வேண்டும்.
2. காலையில், 10 மணி வாக்கில், நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். குச்சியில் கயிறு கட்டி, அந்த நுனி வரை நீளம் எடுத்து வட்டம் போட வேண்டும்.
3. நடுப்பகலுக்கு நிழல் சுருங்கி, பிற்பகலில் மறுபடி நீளும். அதன் நுனி வட்டத்தைத் திரும்பத் தொடும் இடத்தைக் குறிக்க வேண்டும்.
4. இரண்டு குறிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. காலைக் குறி மேற்கே, பிற்பகல் குறி கிழக்கே.

கடிகாரத்தில் 12 மணியைப் பார்த்து நடுப்பகல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய நேரம் ஒரே தீர்க்கரேகையை வைத்து நாடு முழுமைக்கும் வகுக்கப்பட்டது. கோவையில் சூரியன் உச்சத்துக்கு வருவது சென்னையைவிட 13 நிமிடம் பிந்தி. வட்டம் போடும் முறைக்குக் கடிகாரமே தேவையில்லை என்பது அதன் பெரிய வசதி.

இந்தக் கோட்டைப் பள்ளி வாசலில் சுண்ணாம்பால் அழுத்தமாகப் போட்டு வைத்துவிட்டால் அப்புறம் ஆண்டு முழுக்க எல்லாப் பாடத்துக்கும் அது உதவும்.

## ஊருக்குள் தெரு, மாவட்டத்துக்குள் ஊர்

"நீ தமிழ்நாட்டில் இருக்கிறாயா, இந்தியாவில் இருக்கிறாயா?" என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஏதாவது ஒன்றைத்தான் சொல்லும். ஒன்றுக்குள் இன்னொன்று என்ற உறவு அதற்கு இன்னும் பிடிபடவில்லை. பியாஜே ஜெனீவா நகரப் பிள்ளைகளிடம் இதைக் கேட்டு 1951-ல் எழுதினார். ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருக்கிறது என்று வாயால் சொன்ன பிள்ளைகள், அதை வட்டமாக வரையச் சொன்னபோது இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். வாய் சொன்னது மனப்பாடம். கை வரைந்ததுதான் புரிந்தது.

நம் ஊரில் இந்தச் சங்கிலி இன்னும் சிக்கலானது. வருவாய்த் துறைக்குக் கிராமம், குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்று ஒரு வரிசை. உள்ளாட்சிக்கு ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று இன்னொரு வரிசை. தொடக்கப் பள்ளியில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. பெரிய பாத்திரத்துக்குள் சின்னப் பாத்திரமாக அடுக்கிக் காட்டினாலே முதல் படி புரியும்.

இரண்டாம் படிக்கு என் விருப்பம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த இந்த ஆறு இலக்க எண் ஒன்றுக்குள் ஒன்று என்பதைத் தானே சொல்லித்தரும். 625001 என்ற எண்ணில் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த அஞ்சல் மண்டலம். 625 என்றால் மதுரைப் பகுதி. கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சலகம். பிள்ளைகள் தங்கள் வீட்டு எண்ணை எழுதி, திருநெல்வேலியின் 627, கோவையின் 641, சென்னையின் 600 ஆகியவற்றோடு ஒப்பிட்டால் இலக்கம் இலக்கமாக வட்டம் சுருங்குவது தெரியும். ஒரு அஞ்சலட்டையை எழுதிப் போட்டு, அது வீட்டுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்றும் பார்க்கலாம்.

## தண்ணீர் போகும் வழி

தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புவியியலின் மிக நல்ல பாடப்புத்தகம் மழைதான். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அகில இந்தியப் பாடம் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மழையையே பெரிதாகப் பேசும். அந்த மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே இருக்கும் நம் ஊர்களில் பல காய்ந்து கிடக்கும். மலை காற்றின் ஈரத்தை மறுபக்கமே பிழிந்துவிடுகிறது. மலையின் மறைவில் இருக்கிறோம் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால், புத்தகம் சொல்வதும் ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் ஒத்துவராது. பிள்ளை புத்தகத்தை மனப்பாடத்துக்கும் ஜன்னலை வாழ்க்கைக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்ளும்.

மழைமானி செய்யப் பணம் தேவையில்லை. பக்கவாட்டு நேராக உள்ள டப்பா ஒன்று, ஒரு ஸ்கேல். திறந்த இடத்தில் வைத்து, காலையில் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று அளந்து சுவரில் எழுதலாம். 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். பள்ளிக்கூரை 100 சதுர மீட்டர் இருந்தால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இதோடு சேர்ந்துகொள்ளும்.

மழை விட்டதும் தண்ணீரின் பின்னால் நடக்க வேண்டும். மைதானத்திலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து கண்மாய்க்கு. கண்மாய் நிரம்பினால், மிகுந்த நீர் வழியும் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. வைகையின் மிச்சத் தண்ணீர் கடைசியில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாய்க்குப் போய்ச் சேர்வது வரை இந்தச் சங்கிலி நீளும். "கீழ்" என்பதிலிருந்து "கிழக்கு" எப்படி வந்தது என்பதைப் பிள்ளை அன்றைக்குக் கால் நனையத் தெரிந்துகொள்ளும். கரையோரம் நடக்கும்போது பெரியவர்கள் கூட இருந்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இந்த நடைக்குப் பிறகுதான் கிராம வரைபடத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. புல எண்களும் வாய்க்கால்களும் கண்மாயும் பாதைகளும் அதில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் பார்க்கலாம். தான் நடந்த வழியை முதன்முதலாக ஓர் அரசு வரைபடத்தில் விரலால் தொடரும் பிள்ளைக்கு, சுவரில் தொங்கும் வரைபடத்தில் அதுவரை கிடைக்காத நம்பிக்கை கிடைக்கும்.

## உலக உருண்டை

தட்டையான உலக வரைபடத்துக்கு முன் உருண்டையைக் காட்டுவது நல்லது. பள்ளிகளில் பரவலாக இருக்கும் தட்டை வரைபடங்கள் சிலவற்றில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல் 14 மடங்கு பெரியது. ஆரஞ்சுத் தோலை உரித்துத் தட்டையாக்க முயன்றால் ஏன் இப்படி ஆகிறது என்று புரியும்.

30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் 1 சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டர். தமிழ்நாடு வடக்கு தெற்காக ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட் அதில் 0.2 மில்லிமீட்டர்.

## தெரியாமல் போனால் என்ன ஆகும்

ஒவ்வொரு நவம்பரிலும் வானொலியும் தொலைக்காட்சியும் சொல்வதைக் கவனியுங்கள். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் நாகப்பட்டினத்துக்குக் கிழக்கு-தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, வடமேற்குத் திசையில் நகர்கிறது என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் இடம், திசை, தொலைவு, நகர்வு நான்கும் இருக்கின்றன. நம் ஊரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று கண்டுபிடிக்கத் தொடக்கப் பள்ளிப் புவியியல் போதும், ஆனால் அது உண்மையாகவே வந்திருக்க வேண்டும். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. காற்றுக்கு அது வரும் திசையால் பெயர் வைக்கிறோம்: வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது, வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. புயலின் நகர்வைச் சொல்லும்போது அது போகும் திசையைச் சொல்கிறோம். இரண்டும் ஒரே செய்தியில் வரும்போது படித்தவர்களே தடுமாறுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் பூக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல் நுரைத்துக் கொதிப்பதுபோல் இருப்பதையும் தண்ணீர் ஒழுங்கில்லாமல் நடந்துகொள்வதையும் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளியில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அவள் பெற்றோரிடம் விடாமல் சொல்ல, கடற்கரையைக் காலி செய்தார்கள். சுமார் 100 பேர் பிழைத்தார்கள். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்: அலைக்கு முன் கடல் எப்போதும் உள்வாங்கும் என்பதில்லை. சில கரைகளில் தண்ணீர் முதலிலேயே ஏறிவிடும். ஆகவே நிலம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கம் மாறித் தெரிந்தாலோ, எச்சரிக்கை வந்தாலோ மேட்டுக்கு ஓட வேண்டும். மேடு எந்தப் பக்கம் என்பது பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கரையோரப் பள்ளிகளில் ஊர் வரைபடம் வரையும் பாடத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

## வகுப்பறையில் எந்த வரிசை

இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் நம்மிடம் நிறைய. அவர்களிடம் புதிதாக இன்னொரு சுமையை ஏற்றுவது நியாயமில்லை. நல்லவேளையாக, மேலே சொன்ன வேலைகள் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் இடத்துக்கே நன்றாகப் பொருந்தும். பெரியவர்கள் அளப்பார்கள், சின்னவர்கள் குறி வைப்பார்கள்.

1. முதல் இரண்டு வகுப்புகள்: இடம் வலம், முன் பின், தீப்பெட்டி மாதிரி, மேசையின் வரைபடம்.
2. மூன்றாம் வகுப்பு: சங்கு நட்டுத் திசை, அடி வைத்து அளந்த வகுப்பறை, பள்ளியிலிருந்து வீட்டுக்கு வழி.
3. நான்காம் வகுப்பு: மழைமானி, தண்ணீரின் பின்னால் நடை, கிராம வரைபடம், மாவட்டம்.
4. ஐந்தாம் வகுப்பு: மாநிலம், இந்தியா, உருண்டை. பெயர்ப் பட்டியல் இங்கேதான் வர வேண்டும்.

தேர்விலும் ஒரு மாற்றம் தேவை, ஏனென்றால் கேள்வித்தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பறை நடத்தும். "தமிழ்நாட்டின் தலைநகரம் எது?" என்ற கேள்வி இருக்கட்டும். பக்கத்தில், "உன் பள்ளி வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது, எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று ஒன்று கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் விடை வேறு என்பதால் வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சடித்து விற்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சுவரில் தொங்கும் தமிழ்நாட்டு வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரிக்க வேண்டும். நிழல் காட்டிய வடக்குக்கு நேராக அதன் தலைப்பக்கத்தைத் திருப்பி வைக்க வேண்டும். தங்கள் ஊர் இருக்கும் புள்ளியில் ஒரு புளியங்கொட்டையை வைத்துவிட்டு, பிள்ளைகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு கன்னியாகுமரி இருக்கும் பக்கம் கையை நீட்டட்டும். அப்புறம் மலை இருக்கும் பக்கம், கடல் இருக்கும் பக்கம். ஒரு விரலும் கூரைக்குப் போகாது.